நாற்பது மைக்ரான்

ஜூன் 3, செவ்வாய்

காலை பத்து மணிக்கு டெம்போவில் எஞ்சின் வந்து இறங்கியது. சங்கிலியைச் சரியாகப் பூட்டாமல் இறக்கப் பார்த்த டெம்போக்காரனைத் திட்டினேன். பின்னாலேயே பைக்கில் வந்த மாப்பிள்ளை ரகுபதி, "விடுங்க மச்சான், ஏற்கெனவே செத்த எஞ்சின்தானுங்களே" என்று சிரித்தார். தங்கையின் புருஷன். பதிலுக்கு எதையும் சொல்லிவிட முடியாது. "வாங்க மாப்ளே, டீ சாப்பிடுங்க" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அவருக்கும் தெரிந்திருக்கும்.

இந்த எஞ்சின் எப்படிச் செத்தது என்று எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் எவனும் மாற்றிச் சொல்லக் கூடாது.

இரண்டு லிட்டர் டீசல் கார். மாப்பிள்ளை வாங்கியது, என் தங்கை மேகலா ஓட்டுவது. கால் மைல் நேர்ப் பந்தயத்தில் டீசல் வண்டிகளில் மூன்று வருடமாக அவள்தான் முன்னால் வருகிறாள். இந்த வருடம் வேகத்தை இன்னும் கூட்ட வேண்டும் என்று, உள்ளே இருந்த கம்பெனி பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் எடுத்துவிட்டுப் போர்ஜிங் சாமான்கள் போட்டோம். வார்த்து எடுத்தவை அல்ல, அழுத்தி அடித்து உருவாக்கியவை; இரண்டு மடங்கு அடி தாங்கும். சிலிண்டரைக் கடைந்து அவற்றைப் பொருத்தியது நான். கணபதிப் பகுதியில் இருபத்திரண்டு வருடமாகச் சிலிண்டர் கடையும் போரிங் கடை வைத்திருக்கும் குழந்தைவேல். டீசலும் டர்போ காற்றும் எவ்வளவு போக வேண்டும் என்று லேப்டாப்பில் மேப் எழுதியவன் போத்தனூர் ஜெரோம்.

மே 18 அன்று மூன்றாவது ஓட்டம். கோட்டைத் தொடப் போகும் நேரத்தில் எஞ்சின் அப்படியே இறுகி நின்றுவிட்டது. முன்சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டன. வண்டி சுழன்று டயர் அடுக்கில் போய் மோதியது. மேகலாவுக்கு வலது காரை எலும்பு முறிந்தது.

நான் ஜெரோமின் சட்டையைப் பிடித்தேன். "டீசலை அள்ளி ஊத்திப் பிஸ்டனை உருக்கிட்டான்" என்று ஓட்டுபவர்கள், மெக்கானிக்குகள் எல்லார் முன்னாலும் கத்தினேன். எல்லாரும் என்னைத்தான் நம்பினார்கள். நம்பாமல்?

அதே எஞ்சினைத் திரும்பக் கட்டி, அதே வண்டியை ஓட்டுவேன் என்கிறாள் மேகலா. புத்தி சொல்லிப் பார்த்தாயிற்று. வேறு எவன் கையிலாவது போவதைவிட நானே கட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

ஜூன் 5, வியாழன்

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். டீசல் கூடி உருகியிருந்தால் பிஸ்டனின் தலையில் தெரியும். ஓரம் கரைந்து குழி விழுந்திருக்கும். நான்கு தலைகளும் கரி படிந்து முழுசாக இருக்கின்றன. இருக்கட்டும்.

இரண்டாவது பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது. மரக்கட்டையை வைத்துத் தட்டி இறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான்குக்கும் இடுப்பில்தான், பக்கவாட்டில் உரசல். ஒவ்வொன்றிலும் சுற்றிலும் நான்கு இடங்களில், அளவெடுத்து வைத்தது போல ஒரே மாதிரி. எண்ணெய் போயிருக்காது, அதுதான் காரணம் என்று பம்பைப் பிரித்தேன். பம்பில் குறை இல்லை. பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஜெட்டுகளில் காற்றடித்துப் பார்த்தேன். நான்கிலும் அடைப்பில்லை.

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. போன் செய்து நன்றாகக் கொடுத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

ஜெரோமை அவன் வேலை செய்யும் ரேஸ் டீமில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நல்லது.

ஜூன் 8, ஞாயிறு

மேகலாவைப் பார்க்கச் சிங்காநல்லூர் போனேன். வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். கையைத் தூக்க முடியாததால் மாப்பிள்ளை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். கோணல்மாணலாக. அதைப் பார்த்ததும் எரிச்சலாக வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

"பிரிச்சாச்சாண்ணா? உள்ளுக்குள்ள என்ன ஆயிருக்கு?" என்றாள்.

"நான் சொன்னதுதான். உருகிருச்சு."

"எங்க, தலைலயா?"

"ஆமா."

"போட்டோ எடுத்து அனுப்பு. எனக்குப் பாக்கணும்."

"அனுப்பறன்."

மாப்பிள்ளை சீப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு காபி போட உள்ளே போய்விட்டார். அந்த மனிதர் என்னைப் பார்க்கிற பார்வையே இப்போதெல்லாம் சரியில்லை.

ஜூன் 11, புதன்

புதுப் பிஸ்டன்களும் ராடுகளும் வந்துவிட்டன. உரசின சிலிண்டர்களை இன்னும் அரை மில்லி கடைய வேண்டியிருப்பதால் இவை ஒரு சுற்றுப் பெரியவை. ராடுகளைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நான்குக்கும் ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லை. இந்த வேலை மட்டும்தான் இன்று கோபமில்லாமல் செய்தது.

பெட்டிக்குள் இருந்த அளவுத்தாளை மாப்பிள்ளை எடுத்து மேசையில் விரித்தார். ஒரு வரியில் மஞ்சள் மை பூசிக் காட்டினார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவ பிஸ்டனக் கொஞ்சம் லூசா வெச்சுக்கலாமுங்களா?"

"மாப்ளே, நீங்க நூல் மில்லுல சூப்பர்வைசர். நான் வந்து உங்களுக்கு நூல் முறுக்கச் சொல்லித் தாரனா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். யூடியூப்பில் நான்கு வீடியோ பார்த்தவனெல்லாம் கடைக்குள் வந்து எனக்கு வேலை சொல்கிறான்.

ஜூன் 14, சனி

பழைய பிஸ்டன்களில் உரசல் படாத நடுப்பகுதியை மைக்ரோமீட்டரில் அளந்தேன். சிலிண்டரையும் அடியில் கீறல் இல்லாத இடத்தில், உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் விட்டு அளந்தேன். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி முப்பத்தெட்டு மைக்ரான்; ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். நாற்பது என்று நினைத்து நான் வைத்தது அதற்கும் கீழே இறங்கியிருக்கிறது.

கேஜ் கெட்டிருக்கும். சோதித்துத் தரும் இடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மேகலா இரண்டு முறை போட்டோ கேட்டு மெசேஜ் போட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

கேஜ் சரியாகத்தான் இருக்கிறதாம்.

ஜூன் 18, புதன்

காலையில் ஒரு டிராக்டர் எஞ்சின்காரர் வந்தார். நாளைக்குக் கிடைக்குமா என்று கேட்டதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினேன். அவர் திகைத்துப் போய் நின்றார். மதியம் கடையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏப்ரல் 9 அன்று நடந்ததை இந்த நோட்டில் அன்றைக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அன்று ஜெரோம் கடைக்கு வந்திருந்தான். இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணா, இது போர்ஜிங் பிஸ்டனுங்க. சூடாச்சுன்னா கம்பெனி பிஸ்டனவிட அதிகமா விரியும். சிலிண்டருக்கும் அதுக்கும் நடுவுல தொண்ணூறு மைக்ரானாச்சும் விடுங்க. தாள்லயே போட்டிருக்குது" என்றான்.

கம்பெனி பிஸ்டனுக்கு நாற்பதுதான் வைப்போம். தலைமுடியில் பாதி கனம். தொண்ணூறு வைத்தால் காலையில் எஞ்சினை எழுப்பும்போது கடகடவென்று சத்தம் வரும். என் கடையிலிருந்து போன எந்த எஞ்சினும் கடகடத்ததில்லை.

"ஏப்பா, நீ கீபோர்டு தட்டறவன். எனக்குப் போரிங் சொல்லித் தர வந்துட்டியா? லேப்டாப்ப எடுத்துக்கிட்டுக் கெளம்பு" என்றேன். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அவன் முகம் சிவக்கக் கிளம்பிப் போய்விட்டான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவன் வருவதற்கு முன்பே அந்தத் தாளை நான் படித்திருந்தேன். தொண்ணூறு இல்லாவிட்டாலும் எழுபதாவது வைக்கலாம் என்று முடிவு செய்திருந்தேன். அவன் வந்து சொன்னதால் நாற்பதில் நிறுத்தினேன்.

இவ்வளவுதான். டீசலும் இல்லை, எண்ணெயும் இல்லை, மேப்பும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

மாப்பிள்ளையை மில் வாசலில் போய்ப் பிடித்தேன். ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். எது என்று அவர் கேட்கவில்லை.

"தெரியுங்க மச்சான். நீங்க சட்டையப் புடிச்ச அன்னைக்கே ஜெரோம் எங்கிட்டத் தனியாச் சொன்னாருங்க. நான்தான் வெளிய சொல்ல வேண்டாம்னு கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டேன்."

"எதுக்கு? என்னைக் காப்பாத்தறதுக்கா?"

"மேகலாவுக்கு அப்பா, அம்மா இல்லீங்க. பொறந்த வூடுன்னா நீங்க ஒருத்தருதான். அதையும் ஒடைச்சுப் போட எனக்கு மனசு வரலீங்க."

"எனக்கு உங்க தயவு வேண்டியதில்ல மாப்ளே" என்று கத்தினேன். ஷிப்ட் விட்டு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் திருப்பிக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படி எதுவும் செய்யாமல், "நீங்களே சொல்லிருங்க மச்சான். நான் சொன்னா நல்லாருக்காது" என்று மட்டும் சொன்னார்.

இத்தனை நாளாக இந்த மனிதரைத்தான் ஏளனம் செய்து இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மேகலா வலது தோளுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். முப்பத்தெட்டு என்று சொன்னபோது கண்ணை மூடித் திறந்தாள். பிறகு வாயைத் திறந்தபோது என்னை நீங்க என்று கூப்பிட்டாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அளவு தப்பாப் போறது யாருக்கும் நடக்குங்க. எலும்பும் ஒட்டிக்கும். ஆனா தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க. ஜெரோம் சொல்லிட்டாரேன்னு பண்ணியிருக்கீங்க. அதுல உக்காந்து ஓட்டறது நான்னு உங்களுக்கு அப்ப ஞாபகம் வரலீங்களா?"

"வரல" என்றேன். உண்மையாகவே வரவில்லை.

"அந்த மனுசன் ஆஸ்பத்திரிக்கு வந்து வாசல்ல நின்னாரு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். நாலு தடவ போன் பண்ணாரு, எடுக்கவே இல்ல. எங்கண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

"மேகலா..."

"இங்க வந்து அழுகாதீங்க. எங்க நின்னு கத்துனீங்களோ அங்க போய் நின்னு சொல்லுங்க. ஜூலை ஆறாம் தேதி ரேஸ் மீட் இருக்குது. காலைல டிரைவர்களெல்லாத்தையும் கூப்புட்டுப் பேசுவாங்க. அங்க சொல்லுங்க."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்தார். "நீங்களும் ஒரு மாசமா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கீங்க. ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றாள்.

வெளியே வந்து இரண்டு பேரும் அவரவர் செருப்பைத் தேடினோம்.

ஜூன் 26, வியாழன்

நான்கு சிலிண்டர்களும் கடைந்தாயிற்று. சுவரை இழைக்க ஹோனிங் கல் பிடித்தாயிற்று. இடைவெளி தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றிரண்டு. ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தேன். பிஸ்டனைக் கையால் விட்டால் தானாக நழுவி இறங்குகிறது. பார்க்கவே பிடிக்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு மைதானத்துக்குப் போனேன். எழுபது எண்பது பேர் இருந்தார்கள். போட்டி நடத்துபவரிடம் இரண்டு நிமிடம் கேட்டேன். மே மாதம் வண்டி மோதியதைப் பற்றி என்றதும் மைக்கைக் கொடுத்தார்.

"மே பதினெட்டு மேகலா வண்டி எஞ்சின் இறுகிப் போனதுக்குக் காரணம் மேப் இல்ல. நான் பிஸ்டனுக்கு விட்ட இடைவெளி பத்தல. தொண்ணூறு வைக்கச் சொல்லி ஜெரோம் முன்னாடியே வந்து சொன்னாரு. நான் கேக்கல. அவரைக் கடையவிட்டு வெளிய போகச் சொன்னேன். அன்னைக்கு இங்க அவரைப் பத்தி நான் சொன்னது பொய்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். யாரோ சிரித்தார்கள். நிறையப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன், "அப்ப என்ற எஞ்சின் பிளாக்குல எவ்வளவு வெச்சிருக்கீங்கண்ணா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவனை அடிக்கக் கை துடித்தது. கேட்டது நியாயமான கேள்வி.

ஜெரோம் வேறு ஒரு வண்டியின் பானெட்டுக்கு அருகில் நின்றிருந்தார். கிட்டே போனேன். கையை நீட்டினேன். அவர் கையில் துணி வைத்திருந்தார். அதைக் கீழே வைக்கவில்லை.

"சொன்னது நல்லதுங்கண்ணா. சொல்லாமயே விட்டிருவீங்கன்னுதான் நெனச்சேன்."

"டீம்ல நான் போய்ப் பேசறேன் ஜெரோம்."

"அங்க வேற ஆள் வந்தாச்சுங்க. ஸ்கூல் தொறந்ததுல இருந்து என் பையங்கிட்ட 'உங்கப்பா அந்த ரேஸ் அக்காவக் கொல்லப் பாத்தாரா'ன்னு கேக்கறாங்க. அதுக்கெல்லாம் நீங்க எங்க போய்ப் பேசுவீங்க? போங்கண்ணா. எனக்கு இன்னும் கோவம் போகல. பக்கத்துல நின்னீங்கன்னா ஏதாச்சும் சொல்லிருவேன்."

வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் ஹாரன் அடித்தவன் ஒவ்வொருவனையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்று பேர் வந்து வேலைக்குக் கொடுத்திருந்த எஞ்சின் பிளாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் பத்து வருடப் பழக்கம். "வீடியோ பாத்தேனுங்க" என்று மட்டும் சொன்னார். நானே தூக்கி வண்டியில் வைத்துக் கொடுத்தேன்.

ஜூலை 19, சனி

எஞ்சினைக் கட்டி முடித்து வண்டியில் ஏற்றியாயிற்று. ஹெட்டுக்குத் தடித்த ஸ்டட் போல்ட்டுகள், புது பேரிங்குகள். ஒவ்வொரு நட்டையும் அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் மூன்று கட்டமாக இறுக்கி மார்க்கரால் கோடு போட்டேன். மாப்பிள்ளை விளக்குப் பிடித்தார். நான் கேட்காமலேயே வந்திருந்தார்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எழுந்துகொண்டது. கடகடவென்று ஒரே சத்தம். பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் சூடேறியதும் சத்தம் அடங்கிவிட்டது. பிஸ்டன் விரிந்து, தான் இருக்க வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது.

"அஞ்சு நிமிச சத்தந்தானுங்களே மச்சான்" என்றார் மாப்பிள்ளை. குத்திச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அவருக்கு உரிமை உண்டு. அவரும் இன்னும் ஹாலில்தான் படுக்கிறாராம்.

ஜூலை 27, ஞாயிறு

ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்கியாயிற்று, மாப்பிள்ளைதான் ஓட்டினார். மேகலா நேரில் போய் ஜெரோமிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். மேப் எழுதித் தர ஒப்புக்கொண்டாராம். ஒரே ஒரு நிபந்தனை, வண்டி பக்கத்தில் நான் நிற்கக் கூடாது. அவர் சொன்னதை அவள் அப்படியே போனில் சொன்னாள். சரி என்றேன். போனை வைத்த பிறகு ஸ்பேனரைச் சுவரில் எறிந்தேன். சுண்ணாம்பு பெயர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வேலிக்கு வெளியே பொதுஜனங்களோடு நின்றேன். வெயிலில் தலை காய்ந்தது. பக்கத்தில் நின்ற ஒருவன் தன் நண்பனிடம், "இதுதான் அந்த டீசல் வண்டி, இவ அண்ணன்தான் எஞ்சினக் கெடுத்தான்" என்று விளக்கிக்கொண்டிருந்தான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

டாக்டர் அனுமதி கொடுத்திருக்கிறார். ஆனாலும் மேகலா பெல்ட்டை மாட்டும்போது வலது தோளை மெதுவாகத்தான் அசைத்தாள். ஜெரோம் சன்னலில் குனிந்து ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள்.

முதல் இரண்டு ஓட்டமும் அடக்கித்தான் ஓட்டினாள். மூன்றாவதில் முழுதாக மிதித்தாள். வண்டி கோட்டை நெருங்கியது. வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். கறுப்புப் புகை, டர்போவின் விசில், அப்புறம் கோட்டுக்கு அப்பால் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. அவள் நிறுத்தித்தான் வண்டி நின்றது. பக்கத்தில் நின்றவன், "அட, நிக்கலியேடா எஞ்சின்" என்றான். அவனை ஒன்றும் செய்யவில்லை.

அவளுடைய பழைய நேரத்தைவிட பத்தில் ஆறு பங்கு வினாடி குறைவு. அவள் இறங்கி ஜெரோமிடம் போனாள். இரண்டு பேரும் பானெட்டைத் திறந்து குனிந்து நின்றார்கள். மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். அவர் கையிலிருந்து அவள் வாங்கிக் குடித்தாள். நான் பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடமிருந்து ஒரு மெசேஜ்: செவ்வாய்க்கிழமை வண்டியக் கொண்டுவாறேன். ஹெட்டக் கழட்டுங்க. என் கண்ணால பாக்கணும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். டீ வேண்டாம் என்றாள். நான் ஹெட்டைக் கழற்றி முடிக்கும் வரை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். என் கையை மட்டும்தான் பார்த்தாள்.

கழற்றியதும் எழுந்து வந்து டார்ச் அடித்தாள். கிராங்கைச் சுற்றிப் பிஸ்டன்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கச் சொன்னாள். சுற்றினேன். ஒவ்வொரு சிலிண்டரின் சுவரிலும் ஆள்காட்டி விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினாள். தடவிய பிறகு விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நான்கிலும் ஹோனிங் கோடுகள் நான் போட்டபடியே குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. ஒரு கீறல் இல்லை. எனக்குத் தெரியும். இருந்தாலும் நான்காவதில் அவள் விரல் ஓர் இடத்தில் நின்றபோது நானும் குனிந்து பார்த்தேன். வெறும் கரித்தூள்.

"தொண்ணூறுங்களா?" என்றாள்.

"தொண்ணூத்திரண்டு, ரெண்டாவதுல மட்டும் தொண்ணூத்தொண்ணு. மூணாவது தடவையும் அதேதான் வந்துது. அளந்து காட்டட்டுமா?"

"கேஜக் குடுங்க. நானே அளக்கறேன்."

அவளுக்குக் கேஜ் பிடிக்கத் தெரியாது. சொல்லிக் கொடுக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன், சும்மா நின்றேன். இரண்டு முறை தப்பாக வைத்தாள். மூன்றாவது முறை முள் சரியான இடத்தில் நின்றது. பிஸ்டனின் அளவை அளவுத்தாளில் பார்த்துப் போனில் கழித்துப் பார்த்துக்கொண்டாள்.

"மூடுங்க" என்றாள்.

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"ஹெட்டுக்கு அடியில வெக்கற கேஸ்கெட்டு புதுசு போடுங்க. கழட்டுனதையே திரும்ப வெச்சிராதீங்க."

"புதுசுதான் மேகலா. வாங்கி வெச்சிருக்கறேன்."

அவள் போகவில்லை. நான் அலமாரியிலிருந்து பாக்கெட்டை எடுத்து, சீலை அவள் முன்னால் கிழித்து, கேஸ்கெட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். அதற்கப்புறம்தான் படி இறங்கினாள்.